தொடாத கட்டை நல்ல கட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்சவல்லி அக்காவை ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் ஏமாற்றுக்காரி என்று கத்தியவள் நான்தான். பேட்டையில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஜமால் பாய் கத்தினார் என்கிறார்கள், யாரும் கத்தவே இல்லை என்றுகூடச் சொல்கிறார்கள். பூசி மெழுக எனக்குத் தெரியாது. கத்தியவள் பூங்கோதை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது 2007-ஆம் வருஷம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஜமால் முகம்மது பாயின் யூனிட்டில் நானும் அக்காவும் செக்கிங் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். பாய் துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து ஆரம்பித்த யூனிட் அது. ஃப்யூஸ் கட்டை மட்டும்தான் செய்வோம். வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக மாட்டியிருக்குமே, கம்பி கட்டிச் செருகுகிற பீங்கான் கட்டை, அதுதான். சூளையில் வெந்து வந்த கட்டைகளை நாலடிப் பலகையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து ஆளுக்கொரு பலகையாக எங்கள் முன்னால் நீளவாக்கில் வைப்பார்கள். ஒரு பலகைக்கு எண்பது கட்டை. விரிசல் விட்டது, ஊசித் துளை விழுந்தது, மேலே கண்ணாடி மாதிரிப் பூசுகிற கிளேஸ் பிடிக்காதது எல்லாவற்றையும் பொறுக்கிக் காலடிக் கூடையில் போட வேண்டும்.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. நல்ல கட்டையைக் கையால் தொடக் கூடாது. கண்ணை ஓட்டு, கெட்டதை மட்டும் எடு, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாளில் பத்துப் பலகை தாண்டாது. நாங்கள் அறுபது பார்ப்போம். கை படாத கட்டை எல்லாம் நல்ல கட்டை என்று பலகையோடு பேக்கிங்குக்குப் போய்விடும். சட்டத்தைப் போட்டது பாய் இல்லை, அக்காதான். பாய் அதைக் கேட்டுவிட்டு, “தொடாத கட்டை நல்ல கட்டையா? சரி, உன் கண்ணு மேல நம்பிக்கை” என்றாராம். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது.

அக்காவுக்குக் கம்மாபுரம் பக்கம் சொந்த ஊர். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போனபோது கைக்குழந்தையோடு விருத்தாசலம் வந்து வாடகை வீட்டில் குடியேறினார்கள். புருஷன் சக்கரபாணி மர அறுப்பு மில்லில் வாட்ச்மேன். கைக்குழந்தை சிவசங்கரி இப்போது ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அக்கா முதலில் மண் சுமந்தாள், அப்புறம் அச்சு கழுவினாள். ஒருநாள் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே, “அந்தப் பலகையில மூணாவது வரிசையில ஒண்ணு வாய் விட்டிருக்குது பாருங்க” என்று சொன்னாளாம். போய்ப் பார்த்தால் தலைமுடி அளவு விரிசல். அன்றைக்கு ஏறிய நாற்காலிதான், பதினாறு வருஷம் இறங்கவில்லை. நானும் ஏழு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். ஆனாலும் பாய்க்கு அக்கா என்றால் அக்காதான். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அந்தப் பங்குனியில் ஒருநாள் அக்காவுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பேச்சும் குழறவில்லை. வெயில் என்று மோர் குடித்துவிட்டுப் படுத்தாள், இரண்டு நாள் கழித்து வந்துவிட்டாள். சர்க்கரையும் பிரஷரும் இருப்பது தெரியும், மாத்திரை இஷ்டத்துக்குப் போடுவாள். அதற்கப்புறம் சின்னச் சின்னதாக என்னென்னவோ நடந்தது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். “என்னாக்கா, பவுடர் பாதியில தீந்துபோச்சா?” என்று நான் கேட்டேன், ஷெட்டே சிரித்தது. இடது காதில் கம்மல் இல்லாமல் ஒரு வாரம் வந்தாள். கேட்டால், “போட்டுக்கிட்டுதானே வந்தேன்” என்றாள். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டினாள். நாங்கள் எல்லோரும் வயசாகிறது என்று பேசிக்கொண்டோம். நாற்பத்தெட்டு ஒரு வயசா? கிண்டல் செய்யத் தெரிந்த எனக்கு என்ன ஏது என்று விசாரிக்கத் தெரியவில்லை.

வைகாசியில் சரக்கு திரும்பி வந்தது. ஒரு பெட்டி இரண்டு பெட்டி இல்லை, பதினோரு பெட்டி. திறந்தால் விரிசல் விட்ட கட்டைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. வேப்பூர் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் எங்கள் கட்டை சுவரில் இருந்தபடியே பிளந்து, ஃப்யூஸ் போடப் போன புரோட்டா மாஸ்டரைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார், உள்ளங்கை மட்டும் வெந்துபோனது. பாய் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் நேராகச் சூளைப் பக்கம் போய் நின்றார். அப்புறம்தான் மேசைக்கு வந்தார்.

“யாரு பாத்த சரக்கு இது?” என்று கேட்டார்.

எங்கள் இருவர் பலகையும் ஒரே பெட்டிக்குப் போகும். யார் பார்த்தது என்று எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. அக்கா நிமிர்ந்து, “என் பலகையில தப்பு வராது பாய்” என்றாள். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பாய் என் பக்கம் திரும்பினார்.

“நான் என்னா கண்ணை மூடிக்கிட்டா பாக்கறேன்?” என்றேன்.

“பதினாறு வருஷமா அது கையில ஒரு தப்பு வந்ததில்ல பூங்கோத. நீதான் வாயாடிக்கிட்டே பாக்கற. இன்னொரு தடவ வந்துதுன்னா வூட்டுக்குப் போயிடு. ஆளு சாவ இருந்தாரும்மா அங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள் நான், ஒரு பெண்ணைப் படிக்க வைக்கிறவள். இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அதைவிட, செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கினேனே, அதுதான் தாங்கவில்லை. அந்த வாரமே நடந்த இலவசக் கண் முகாமுக்குப் பாய் எங்கள் இருவரையும் அனுப்பினார். இரண்டு பேர் கண்ணும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா அந்தச் சீட்டை மேசையில் வைத்து, “பாத்துக்க, என் கண்ணுல ஒரு குறையும் இல்ல” என்றாள். குறை இல்லையென்றால் வேண்டுமென்றே விடுகிறாள் என்று என் புத்தி கணக்குப் போட்டது. என்னைக் கிளப்பிவிட்டு, மகள் சிவசங்கரியை என் நாற்காலியில் உட்கார வைக்கப் பார்க்கிறாள் என்றே முடிவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு வேலை செய்தேன். கழித்துப் போட்ட குவியலிலிருந்து நன்றாகத் தெரிகிற விரிசல் கட்டை பத்து எடுத்தேன். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் பலகையில் வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் ஐந்து கலந்து வைத்தேன். இரண்டு பக்கமும் வைத்ததற்குப் பெரிய யோசனை ஒன்றும் இல்லை, ஒரே இடத்தில் வைத்தால் சந்தேகம் வரும் என்று வைத்தேன். அக்கா வந்து உட்கார்ந்தாள். கண்ணை ஓட்டினாள். வலது பக்கத்து ஐந்தும் டக் டக்கென்று கூடைக்குள் போனது. அவ்வளவுதான். “எடுத்துட்டுப் போங்க” என்று பலகையைத் தள்ளிவிட்டாள்.

“பாய்! இங்க வாங்க!” நான் போட்ட சத்தத்தில் சூளைக்காரர்கள்கூட ஓடி வந்தார்கள். “உங்க தங்கமான அக்கா பண்ற ஏமாத்து வேலையை வந்து பாருங்க! எனக்குப் பேச்சு வாங்கிக் குடுத்துட்டு ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உக்காந்திருக்குது!”

பாய் வந்து பலகையைப் பார்த்தார். இடது பக்கம் ஐந்து கட்டை வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. “என்னாம்மா இது?” என்றார்.

அக்கா பலகையைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தாள். “எது? எல்லாம் நல்லாத்தானே இருக்குது” என்றாள்.

“இது நல்லா இருக்குதா? இது? இது?” நான் விரலால் குத்திக் குத்திக் காட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாளே தவிர என் விரல் போன பக்கம் பார்க்கவில்லை. பாய் பொறுமையிழந்து பலகையைத் தன் பக்கமாக அரைச் சுற்றுச் சுற்றினார். இடது முனை வலதுக்கு வந்தது.

“ஐயோ, இதை யாரு வச்சது?” என்று அக்கா அலறினாள். கை பறந்தது. ஐந்தையும் ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டாள்.

கூடியிருந்தவர்கள் நடிப்பு என்றார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். “பாத்தீங்களா, புடிச்சதும் எடுக்கறாங்க. ஏமாத்துக்காரி!” என்று கத்தினேன். அக்கா எழுந்து நின்றாள். “பூங்கோததான் வச்சிருக்கா பாய். நான் பாக்கறப்ப இல்ல. என் பொண்ணு மேல ஆணை” என்றாள். பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சாப்பாட்டு நேரம் ஆச்சு. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் வூட்டுக்குப் போங்க. நாளைக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தனியாகப் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன், ஜெயித்துவிட்டேன் என்கிற திமிரோடு. அக்கா சாப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்த பேக்கிங் கண்ணம்மாளிடம் சொன்னாள், “தினம் இதே கூத்துதான். சிவசங்கரி பொரியலே வெக்கறதில்ல. வெறும் கொழம்பு சோறு. இன்னைக்கு வூட்டுக்குப் போயி அவள ஒரு வழி பண்றேன்.”

எட்டிப் பார்த்தேன். பாக்ஸில் வலது பாதி துடைத்து எடுத்த மாதிரி காலி. இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. அதன் மேல் கொத்தவரங்காய்ப் பொரியல், ஒரு வாய்கூடக் குறையவில்லை. அக்கா பாக்ஸை மூடப் போனாள். சோற்றை வைத்துக்கொண்டு யாரும் நடிக்க மாட்டார்கள். எழுந்து அவள் இடது பக்கம் போய் நின்று, “அக்கா” என்று கூப்பிட்டேன். அவள் வலது பக்கம் திரும்பித் தேடினாள். “யாரு, பூங்கோதயா? எங்க நின்னுக்கிட்டுக் கூப்புடற?” என்றாள். ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். பாக்ஸைச் சுற்றி வைத்தேன். “அட, தோ இருக்குதே பொரியலு” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரும் வந்து அவள் இடது பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். “யா அல்லா” என்றார். மறுநாள் காலையில் நானும் சிவசங்கரியும் அக்காவைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். கண்ணு நல்லா இருக்குதுன்னு சீட்டு குடுத்தாச்சு, எதுக்குடி என்னைப் பைத்தியக்காரி மாதிரி இழுத்துக்கிட்டுப் போறீங்க என்று கடலூர் வரை அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னல் அவள் இடது பக்கம் இருந்தது. நெய்வேலி, வடலூர் எதையும் அவள் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் குருமூர்த்தி என்று ஒரு நரம்பு டாக்டர். சின்ன வயசுதான், பொறுமைசாலி. ஒரு வெள்ளைத் தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு அக்கா முன்னால் வைத்து, “எல்லாக் கோட்டையும் குறுக்கால அடிங்கம்மா” என்றார். அக்கா வலது பாதியை ஒழுங்காக அடித்துவிட்டுப் பேனாவை வைத்தாள். “முடிச்சிட்டீங்களா?” என்றார். “முடிச்சிட்டேன் சார், இது என்னா சின்னப் புள்ளைங்க வேலை” என்றாள். டாக்டர் தாளைச் சுற்றி வைத்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்பதான் எல்லாத்தையும் அடிச்சேன், வேற தாளு வெக்கறீங்களே” என்றாள்.

அடுத்ததுதான் என்னை உலுக்கியது. “கண்ணை மூடிக்குங்க. உங்க ஷெட்டு வாசல்ல நின்னு உள்ள பாக்கறதா நினைச்சுக்குங்க. என்னென்ன இருக்கு, யாரு யாரு இருக்காங்க, சொல்லுங்க” என்றார். அக்கா சொன்னாள்: அச்சு கழுவுகிற தொட்டி, மண் அரைக்கிற மெஷின், அங்கே இருக்கிற கோவிந்தசாமி, வீராயி. எல்லாம் வாசலிலிருந்து பார்த்தால் வலது பக்கம். “வேற?” “அவ்வளவுதான் சார்.” செக்கிங் மேசையே வரவில்லை. பதினாறு வருஷம் உட்கார்ந்த மேசை, எதிரில் நான், எதுவும் வரவில்லை. “சரி, இப்ப கடைசியில இருக்கற சுவர்கிட்டப் போயி நின்னு வாசல் பக்கம் திரும்பிப் பாருங்க” என்றார். அக்கா கண்ணை மூடியபடியே, “செக்கிங் மேசை இருக்குது, பூங்கோத வாயாடிக்கிட்டு உக்காந்திருக்கா, பேக்கிங்ல கண்ணம்மாளு” என்று கடகடவென்று சொன்னாள். இந்தத் தடவை தொட்டியும் வரவில்லை, கோவிந்தசாமியும் வரவில்லை. சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூடிய கண்ணுக்குள்ளேயும் பாதி இல்லையென்றால் கண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என் தலையையே தொட்டுக் காட்டினார். வலது காதுக்கு மேலே, கொஞ்சம் பின்னால். “பரைட்டல்னு சொல்ற பகுதி இது. இங்க ரத்தக் குழாய் அடைச்சு ஒரு சின்ன இடம் செத்துப்போச்சு. அந்தத் தலைவலி வந்தன்னைக்கே ஆயிருக்கும். கண்ணு படம் எடுக்குது, அதுல குறையில்ல. ஆனா கண்ணு ஒரு இடத்துல நிக்கறதில்லம்மா, செகண்டுக்கு மூணு தடவ குதிக்குது. அடுத்தது எங்க குதிக்கணும், எது கவனிக்க வேண்டியதுன்னு பாத்துச் சொல்றதுல இந்த எடத்துக்குப் பெரிய பங்கு. இடது பக்கம் குதின்னு சொல்ற ஆளு இப்ப வேலைக்கு வரல.”

“அப்ப வலது பக்கம் மட்டும் எப்படி சார் தெரியுது?” என்று கேட்டேன்.

“மூளையில ரெண்டு பக்கமும் வாட்ச்மேன் இருக்காங்க. இடது மூளைக்காரரு பெரும்பாலும் வலது பக்கத்த மட்டும் பாப்பாரு. வலது மூளைக்காரரு ரெண்டு பக்கமும் பாப்பாரு. இவங்களுக்கு அந்த ரெண்டாவது ஆளுதான் படுத்துட்டாரு. அதனால இடது பக்கத்துக்கு ஆளே இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “கொடுமை என்னன்னா, காணோம்னே அவங்களுக்குத் தெரியாது. இருட்டா தெரிஞ்சாலாவது தலையைத் திருப்பிப் பாப்பாங்க. இவங்களுக்கு எதுவும் கொறையாத் தெரியல. பொய் சொல்றாங்கன்னு யாரும் திட்டிடாதீங்க” என்றார்.

எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. ஊரே கேட்கத் திட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறேன்.

மாத்திரை ஒழுங்காகப் போட வேண்டும், இன்னொரு அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பயிற்சி கொடுத்தால் ஓரளவு திரும்பும், முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பயிற்சி இதுதான்: எதைப் பார்ப்பதானாலும் இடது ஓரத்தில் சிவப்பாக ஒன்றை ஒட்டி வை, முதலில் சிவப்பைத் தேடிப் பிடி, இடது கையை அங்கே வை, அங்கிருந்து ஆரம்பி. பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “தேறி வரட்டும். ஒரு பலகை வெப்பேன். சரியாப் பாத்துட்டா நாற்காலி அதோடதுதான்” என்றார்.

தினமும் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போவேன். கழித்த கட்டைகளையும் நல்ல கட்டைகளையும் ஒரு பழைய பலகையில் கலந்து வைப்பேன். இடது முனையில் சிவப்பு டேப் ஒட்டி, அவள் இடது கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டேன். “கைய வை. வளையல் தெரியுதா? அங்கேர்ந்து வா” என்பேன். முதல் மாதம் முழுக்கச் சண்டைதான். “எனக்கு ஒண்ணும் இல்ல. டாக்டரும் நீயும் சேந்துக்கிட்டு நாடகம் ஆடறீங்க” என்பாள். கட்டையைத் தூக்கி எறிவாள். வலது பக்கம் இருப்பதைப் பார்த்ததும் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஒருநாள் அக்கா என்னைக் கேட்டாள். “பூங்கோத, உண்மையச் சொல்லு. அன்னைக்கு அந்தக் கட்டைங்கள நீதானே வச்ச?”

சக்கரபாணி அண்ணன், சிவசங்கரி எல்லோரும் இருந்தார்கள். “ஆமாக்கா, நான்தான் வச்சேன்” என்றேன். “உன்ன மாட்டி வுடணும்னுதான் வச்சேன். என் வேலை போயிடும்னு பயம், உன் மேல வயித்தெரிச்சலு. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு வச்சேன். ஒரு பக்கம் எடுத்துட்ட, ஒரு பக்கம் வுட்டுட்ட.”

அக்கா என் கன்னத்தில் அறைந்தாள். வலது கையால், ஓங்கி. நான் வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். அறைந்துவிட்டு அவள் யோசித்தாள். “நீ வச்சது நெசம்னா, அஞ்ச நான் வுட்டதும் நெசமாத்தானே இருக்கணும்?” என்றாள். அன்றையிலிருந்து கட்டையை எறிவதை நிறுத்தினாள்.

ஐப்பசி, கார்த்திகை போனது. கம்மல் இரண்டு காதிலும் வந்தது. பாக்ஸைத் தானே சுற்றி வைத்துச் சாப்பிடப் பழகினாள். பயிற்சிப் பலகையில் சில நாள் எல்லாம் எடுப்பாள், சில நாள் இடது ஓரத்தில் மூன்று நான்கு விட்டுவிடுவாள். களைப்பாக இருந்தால் இன்னும் மோசம். ஆனால் நாற்காலி ஆசை மட்டும் ஒரு துளி குறையவில்லை. “நிலம் போச்சு, வூடு போச்சு, இது ஒண்ணுதான் நானா சம்பாரிச்சது பூங்கோத” என்பாள். அவள் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வேண்டும் என்று எனக்கும் வெறியாகவே ஆகிவிட்டது. என் பாவம் அப்போதுதான் கழியும் என்று நினைத்தேன்.

தை பிறந்து பொங்கல் லீவு முடிந்த முதல் நாள் பாய் வரச் சொன்னார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். பலகையைப் பாயே தயார் செய்து கொண்டுவந்தார். பன்னிரண்டு கெட்ட கட்டை இருப்பதாகச் சொன்னார். எதிர்ப்பக்கம் நின்ற நான் ஒரே பார்வையில் பார்த்துவிட்டேன். பன்னிரண்டும் அக்காவுக்கு வலது பக்கப் பாதியில் இருந்தது. இடது பாதியில் ஒன்றுகூட இல்லை. பாயை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் தாடியைத் தடவினார். பாவப்பட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆமாம், நானும் அதற்கு உடந்தைதான்.

அக்கா இடது கையை இடது முனையில் வைத்தாள். அங்கிருந்து ஆரம்பித்து மெதுவாக வந்தாள். இடது பாதி முழுக்கக் கை எதையும் எடுக்கவில்லை. வலது பாதிக்கு வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினொன்று, பன்னிரண்டு. கண்ணம்மாள் கை தட்டினாள். பாய், “இன்ஷா அல்லா, திங்கக்கெழமையிலேர்ந்து வந்துடும்மா” என்றார். சிவசங்கரி அழுதுகொண்டே சிரித்தாள்.

அக்கா எழவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வலது கையால் பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவது மாதிரி இழுத்துக் காட்டினாள்.

“பாய், நான் எடுத்தது பன்னெண்டும் இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் ஒண்ணுகூட எடுக்கல.”

“அங்க இல்லம்மா, அதான் எடுக்கல.”

“சூளை ஒரு பக்கமாப் பாத்து வெடிக்காது பாய். பதினாறு வருஷம் பாத்திருக்கேன். எண்பது கட்டையில பன்னெண்டு கெட்டுதுன்னா ரெண்டு பக்கமும் சிதறித்தான் கெடக்கும். ஒண்ணு, அங்க இருந்தும் எனக்குத் தெரியல. இல்ல, நீங்க அங்க வெக்கவே இல்ல. எது?”

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என் பக்கம் பார்த்தாள். “பூங்கோத, நீ வை. அன்னைக்கு வச்ச மாதிரியே வை.”

“வேணாங்க்கா” என்றேன். “அவரே குடுக்கறாரு, வாங்கிக்கக்கா. நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கறேன்.”

“நீ ஒண்ணுக்குப் போனா? உன் பொண்ணுக்குக் காச்சல்னு வூட்ல நின்னுட்டா? எவன் வூட்டுச் செவுத்துக்கோ போகுதுடி இது. வைடி.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். இடது பாதியில் நல்ல கட்டை ஐந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கெட்டது ஐந்து வைத்தேன். நன்றாகத் தெரிகிற விரிசலாகத்தான் பொறுக்கி வைத்தேன். அக்கா திரும்பினாள். கையை வைத்தாள், வளையலைப் பார்த்தாள், அங்கிருந்து வந்தாள். ஒன்று எடுத்தாள். இரண்டு. கொஞ்சம் கழித்து மூன்று. மறுபடி முனைக்குப் போய் மறுபடி வந்தாள். மூன்றாம் தடவையும் போய் வந்தாள். நெற்றியில் வேர்த்து வழிந்தது.

“எனக்கு முடிஞ்சாப்பல தோணுது” என்றாள். “எத்தினி வச்ச?”

பொய் சொல்ல வாய் வந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. “அஞ்சுக்கா” என்றேன்.

“எங்க இருக்குது?”

அவள் இடது கையைப் பிடித்து அந்த இரண்டு கட்டை மேலும் வைத்தேன். ஒன்று அவள் கட்டை விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அக்கா நகத்தால் விரிசலைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டையும் எடுத்துத் தன் கையாலேயே கூடையில் போட்டாள்.

“செக்கிங்ல இருந்து என் பேர எடுத்துடுங்க பாய். மண்ணு சுமக்கற வேலை இருந்தா குடுங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். நான் தொட்டிப் பக்கம் போய் வாய் விட்டு அழுதேன்.